பெண் வீட்டுப் பத்திரிகையும் மூடி வைத்த லேயரும்

ஆவணி முகூர்த்தத்துக்காக அடித்த 500 பத்திரிகைகள் என் மேசைக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுற்றத்தார் பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "தாத்தா பெயருக்கு முன் தெய்வத்திரு வருமா? கேட்டு மாற்றவும்." நான் எனக்காக எழுதி வைத்த குறிப்பு அது. அந்தத் தாத்தா மன்னார்குடியில் நல்லபடியாக இருக்கிறார்.

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை, அதாவது கம்ப்யூட்டரில் அச்சுப் பக்கம் வடிவமைக்கும் வேலை செய்கிறேன். ஆடி பிறந்தால் கல்யாணம் இருக்காது, ஆனால் ஆவணிக்கான பத்திரிகை வேலை எல்லாம் அப்போதுதான் வந்து குவியும். இது ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பத்திரிகை, பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. முகூர்த்த நேரம், மண்டபம், பிள்ளையார், பார்டர் எல்லாம் பொது. அழைப்பவர் பெயரும் சுற்றத்தார் பட்டியலும் மட்டும் வேறு. பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான இன்டிசைனில் ஒரே ஃபைலில் பார்டர், ஃபாயில் (பளபளப்புத் தாள் ஒட்டும் அச்சு), பொது, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, குறிப்பு என ஆறு லேயர் போட்டேன். லேயர் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் மாதிரி; வேண்டாததை மறைத்து வைக்கலாம். நேரம் ஒரு தடவை மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். இந்த முறையில் எனக்கு இன்னமும் நம்பிக்கை இருக்கிறது.

முதல் இடறல் சின்னது. மாப்பிள்ளை வீட்டு லேயரை மறைக்க அதன் பக்கத்திலிருக்கும் கண் ஐகானை மூடிய பிறகும், பொது லேயரில் முகூர்த்த வரிகள் ஓர் ஓரமாக ஒதுங்கியே நின்றன. நடுவில் காலி இடம். ஃபான்ட்டைச் சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் போயிற்று. அந்த லேயரில் இருந்த குத்துவிளக்குப் படத்துக்கு டெக்ஸ்ட் ராப், அதாவது எழுத்து படத்தை விட்டு விலகி நிற்கும் அமைப்பு, கொடுத்திருந்தேன். லேயரை மூடினால் படம் மறையும், ராப் மறையாது. லேயர் பெயரில் டபுள் கிளிக் செய்தால் வரும் ஆப்ஷன்ஸில் "சப்ரஸ் டெக்ஸ்ட் ராப் வென் லேயர் இஸ் ஹிடன்" என்று ஒன்று உண்டு. அதில் டிக் போட்ட நொடியில் வரிகள் நடுவுக்கு வந்து உட்கார்ந்தன.

அடுத்தது பேஸ்ட். பெண்ணின் சித்தப்பா பெயரை பழைய ப்ரூஃபிலிருந்து (சரிபார்க்கும் மாதிரி) காப்பி செய்து போட்டேன். அது மாப்பிள்ளை வீட்டு லேயரில் போய் விழுந்துவிட்டது. பேனா ஐகான் எந்த லேயரில் நிற்கிறதோ, அங்கேதான் விழும். லேயர் பேனல் மெனுவில் "பேஸ்ட் ரிமெம்பர்ஸ் லேயர்ஸ்" ஆன் செய்திருந்தால் பழைய லேயர் பெயரைப் பார்த்து அதிலேயே சேர்ந்திருக்கும். பத்திரிகையில் சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அந்த மனத்தாங்கல் வருஷக்கணக்கில் நிற்கும். அதனால் இப்போதெல்லாம் வேலை நடக்கும் லேயர் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டுவிடுகிறேன்.

ஃபாயில் மட்டும் ஒரே தடவையில் சரியாக வந்தது. மற்ற லேயர்களை மூடிவிட்டு, முழுக் கறுப்பில் அதை மட்டும் பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தேன். ஃபாயில் அழுத்தும் அச்சான பிளாக், பிள்ளையாரின் தும்பிக்கை வளைவு வரை சுத்தமாக விழுந்தது.

அப்புறம்தான் அச்சகம். தஞ்சாவூரில் அந்த அச்சகத்தில் பிடிஎஃப் வேண்டாம், இன்டிசைனின் ஓபன் ஃபைல்தான் வேண்டும் என்று கேட்டார்கள். பெண் வீட்டு ஃபைலில் மாப்பிள்ளை வீட்டு லேயரை அழித்துவிட்டேன். குறிப்பு லேயரை மட்டும் கண்ணை மூடி விட்டுவிட்டேன். அங்கே பிடிஎஃப் எடுத்தவர், எக்ஸ்போர்ட் லேயர்ஸில் "ஆல் லேயர்ஸ்" என்று இருந்த செட்டிங்கை மாற்றாமல் எடுத்திருக்கிறார். அப்படி எடுத்தால் கண்ணை மூடிய லேயரும் வரும், அச்சில் வராதிருக்க "பிரிண்ட் லேயர்" டிக்கை நீக்கிய லேயரும் வரும். "விசிபிள் அண்ட் பிரிண்டபிள் லேயர்ஸ்" என்று இருந்திருக்க வேண்டும். பிளேட் (அச்சுத் தகடு) போடும் முன் ஒரு ப்ரூஃப் அனுப்பச் சொல்லியிருந்தேன். அனுப்பவில்லை.

பார்சல் வந்ததும் நான் கட்டைப் பிரிக்கவில்லை. பெண்ணின் அப்பா வந்து, என் எதிரிலேயே ஒன்றை உருவிப் படித்தார். விரல் அடிவரிக்கு வந்ததும் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். "இதைப் பெரியவர் பார்த்திருந்தா என்னம்மா ஆகியிருக்கும்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் ஆடிப்பெருக்கு. படித்துறைக் கூட்டத்தில் பஸ் பாபநாசம் தாண்டவே நேரமாகிவிட்டது. அச்சகத்தில் "நீங்க கொடுத்த ஃபைல்ல இருந்ததுதானேம்மா வந்திருக்கு" என்றார்கள். லேயர் பேனலில் மூடிய கண்ணைக் காட்டினேன். எக்ஸ்போர்ட் செட்டிங்கையும் திறந்து காட்டினேன். கடைசியில் பிளேட்டும் மிஷின் கூலியும் அவர்கள் பொறுப்பு, அட்டை என் பொறுப்பு என்று முடிந்தது. ஃபாயில் கூலியும் மறுபடி என் தலையில்தான்.

குறிப்பு லேயரை அங்கேயே அழித்து, எல்லா பிடிஎஃப்பையும் நானே எடுத்துக் கொடுத்தேன். மிஷினிலிருந்து வந்த முதல் தாளை அடிவரி வரை படித்த பிறகே ஓட்டச் சொன்னேன். புதுக் கட்டைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தபோது அவரும் முதலில் அடியைத்தான் பார்த்தார். அப்புறம் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைத் தாத்தா கையில் கொடுத்ததாகப் போனில் சொன்னார். கண்ணாடி போட்டுக்கொண்டு, தன் பெயரை இரண்டு தடவை சத்தமாக வாசித்தாராம்.