கறுத்துப்போன தவளை

மூன்று ஆண்டுகளாக எங்கள் மிச்சிகன் வீட்டுக் கூடத்தில், கண்ணாடித் தொட்டி ஒன்றுக்குள், ஒரு சாம்பல் மரத்தவளை வாழ்ந்து வருகிறது. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் பரவலாகக் காணப்படும் இந்த இனத்தின் அறிவியல் பெயரிலேயே 'வெர்சிகலர்', அதாவது நிறம் மாறுவது, என்ற சொல் இருக்கிறது. அந்தப் பெயரை நம்பி முதல் மாதம் நான் செய்தவற்றை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. தொட்டியின் பின்புறம் ஒருநாள் பச்சைத் தாளை ஒட்டினேன், மறுநாள் பழுப்பு அட்டையை ஒட்டினேன். அது எதையும் பொருட்படுத்தாமல், கால்களை உடலோடு மடக்கி ஒட்டிக்கொண்டு, அதே சாம்பல் நிறத்தில் பகல் முழுவதும் உறங்கியது.

நிறம் மாறுவதில் பின்னணிக்கும் ஓரளவு பங்கு உண்டு என்றாலும், வெப்பம், ஈரம், வெளிச்சம், பதற்றம் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தவளையின் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. மேலடுக்கில் மஞ்சள் நிறமி. அதன் கீழே நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்படிகங்கள். இரண்டும் சேர்ந்துதான் நாம் காணும் பச்சை. அடியில் இருக்கும் கருஞ்செல்கள் கிளைவிட்டு மேலே நீண்டிருக்கும். மூளையடிச் சுரப்பியின் ஹார்மோன் கூடும்போது கருநிறத் துகள்கள் அந்தக் கிளைகளில் பரவித் தோல் கறுக்கிறது. அவை நடுவில் ஒடுங்கும்போது வெளுக்கிறது. பின்தொடையின் உட்புறத்து ஆரஞ்சு மஞ்சள் மட்டும் எப்போதும் அப்படியே இருக்கும். இரவில் சிள்வண்டின் மீது அது பாயும் ஒரு நொடியில்தான் அதைப் பார்க்க முடியும்.

இரண்டாம் குளிர்காலத்தில், ஒரு ஜனவரிக் காலையில், தவளை ஏறக்குறையக் கரி நிறத்தில் இருந்தது. மரப்பட்டையின் நிறத்தைப் பிடித்துவிட்டது என்று மகிழ்ந்து படம்கூட எடுத்தேன். மறுநாளும் அதே கருமை. போட்ட சிள்வண்டுகள் அப்படியே ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் வெப்பமானியைப் பார்த்தேன்: 12 டிகிரி செல்சியஸ். வெளிச்சத்துக்காகத் தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தியவன் நான்தான். காட்டில் வாழும் இதே தவளை சருகுக்கடியில் உடலில் கிளிசராலைச் சேர்த்துக்கொண்டு, இதயத் துடிப்பே நின்று உறைந்து கிடந்து, வசந்தத்தில் மீண்டும் எழுந்துவிடும். கோடை வெப்பத்தில் தின்று வளரும் வீட்டுத் தவளைக்கு அந்த ஆயத்தம் இல்லை. தொட்டியை உட்சுவர்ப் பக்கம் மாற்றியதும் முதுகில் சாம்பல் மெல்லத் திரும்பி, மாலைக்குள் ஓரங்களில் இளம்பச்சை படரத் தொடங்கியது.

மற்றபடி பராமரிப்பு கடினமானதல்ல. குழாய்நீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. தவளை தோல் வழியாகவே நீரை உறிஞ்சுவதால், குளோரினை நீக்கிய பிறகே தெளிக்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள், அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டாத சிள்வண்டுகளைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போடுகிறேன். விழுங்கும்போது அது கண்களை இறுக மூடும். ருசிப்பதாக எண்ணிவிட வேண்டாம், கண் உருண்டைகளை உள்ளே இழுத்து இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது. தொட்டியின் தரையில் பரப்பியிருப்பது தேங்காய் நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மலைபோலக் குவிந்து கிடக்கும் பொருளை இங்கே செங்கல் வடிவத்தில் டாலர் கொடுத்து வாங்குகிறேன் என்று சொன்னபோது, அம்மா நெடுநேரம் சிரித்தார்.

கையில் எடுத்துக் கொஞ்சும் பிராணி அன்று இது. தோலில் சுரக்கும் திரவம் நம் கண்ணில் பட்டால் எரியும். நம் கையிலுள்ள உப்பும் சோப்பும் அதற்குக் கேடு. தொட்டியைக் கழுவும் நாளில் மட்டும், ஈரமான கையுறை அணிந்து, ஒரு டப்பாவுக்குள் ஏறவிடுகிறேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். தவளையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்த தாளில், உணவு, தண்ணீர் பற்றியெல்லாம் குறிப்பிடும் முன், முதல் வரியாக இதை எழுதினேன்: கறுத்திருந்தால் படம் எடுக்க வேண்டாம், வெப்பமானியைப் பார்க்கவும்.