காருக்குள் பெட்ரோல் வாடையா? எப்போது அடிக்கிறது என்று பாருங்கள்

டேங்க் நிரப்பிய அன்று மட்டும் பின்சீட் பக்கம் வாடை அடித்தால், முதல் சந்தேகம் பம்ப் சீல் (பெட்ரோல் பம்பை டேங்கோடு கசியாமல் மூடும் ரப்பர் வளையம்) மீதுதான். பல ஹேட்ச்பேக்குகளில் பின்சீட் மெத்தையைத் தூக்கினால் ஒரு சிறிய மூடி இருக்கும்; அதற்குக் கீழே பெட்ரோல் பம்பின் தலை. அதைச் சுற்றித் தூசி ஈரமாக, கருப்பாக அப்பியிருந்தால் சீல் போய்விட்டது. டேங்க் கால்வாசிக்குக் குறைந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டால் லைனில் பிரஷர் இறங்கும். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். பழைய சீல் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், பள்ளத்தில் திரும்ப உட்காராது. புதிதுதான் போட வேண்டும்.

காலையில் பானெட் பக்கம் வாடை வந்தால் சந்தேகம் இன்ஜெக்டர் ஓ-ரிங் மீது; இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் முனை, ஓ-ரிங் அதன் மேலும் கீழும் உள்ள ரப்பர் வளையம். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்யுங்கள். ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயில், சுமார் 3 பார் பிரஷர் ஏறும். டார்ச் அடித்து இன்ஜெக்டரின் மேல்முனையைப் பாருங்கள், பெட்ரோல் கசிவது அங்கேதான். கீழ் ரிங் போனால் காற்றுதான் உள்ளே இழுக்கும், ஐடிலிங் தடுமாறும். புது ரிங்கில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவாமல் அழுத்தினால் கிழிந்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தால் கேனிஸ்டர், அதாவது டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய டப்பா. பங்கில் ஆட்டோ-கட் ஆன பிறகும் "ரவுண்டா போட்டுடவாண்ணே?" என்பார்களே, அந்தக் கூடுதல் பெட்ரோல் கரியை நனைத்துவிடும். ஊறிப்போன கேனிஸ்டரைக் காயவைத்துப் பயனில்லை, மாற்றுங்கள்.

சொட்டுவது கண்ணில் பட்டால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். தள்ளி வெளியே நிறுத்துங்கள்.