சேர்க்கச் சொன்ன ஒரு வரி

ஒரு கட்டுரைக்கு நிதி கேட்டு ஒரு பெண் செய்தியாளர் எழுதிய விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. வடசென்னையின் விம்கோ நகரில் வழக்கமாக நாங்கள் சந்திக்கும் தேநீர்க் கடையில் அவருடைய மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்துப் படித்துவிட்டு நான் சொன்னது இவ்வளவுதான்: “காலநிலை மாற்றம்னு ஒரு வரி சேர்த்துக்கம்மா.” அவர் கேட்டார்: “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா சார்?” நான் சொன்னேன்: “சம்பந்தம் இல்லாம எது இருக்கு?”

சொல்லிவிட்டு நான் சிரித்தது நினைவிருக்கிறது. அவர் சிரித்தாரா என்பதை எவ்வளவு யோசித்தும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வரியைச் சேர்த்தார், நிதி கிடைத்தது, கட்டுரை வெளிவந்தது. குறை சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று என் மனைவி உட்படப் பலர் கேட்டுவிட்டார்கள். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரை காக்கா ஆழியைப் பற்றியது. எண்ணூர்க் கழிமுகத்தில் வலை போடுகிறவர்களுக்கும் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கும் அது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. தென்னமெரிக்க வெப்பமண்டலக் கடற்கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம், பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், கேரளத்துக் காயல்கள் எனப் பல இடங்களில் தலைகாட்டி, இங்கும் வந்து சேர்ந்துவிட்டது. கப்பல்கள் சரக்கில்லாமல் வரும்போது நிலை தடுமாறாமல் இருக்க அடிவயிற்றில் நிரப்பிக்கொண்டு வரும் கடல்நீரோடு அதன் இளம் உயிரிகள் வந்திருக்கக்கூடும் என்பதே பெரும்பாலோர் சொல்லும் விளக்கம். நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேற்றையும் சேர்த்துப் பிடித்து, தரையின்மேல் பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடுகிறது. சேற்றுக்குள் புதைந்து வாழும் இறாலுக்கும், அந்தத் தரையையே நம்பியிருக்கும் மட்டிக்கும் பச்சை ஆழி என்ற உள்ளூர்ச் சிப்பிக்கும் இடமில்லாமல் போகிறது. அந்தப் பெண் எர்ணாவூரில் பிறந்தவர். அவருடைய தாய்மாமன் இந்தக் கழிமுகத்தில் தொழில் செய்தவர். அந்தப் பெண் எழுதிவந்த முதல் வரைவில் கப்பல் இருந்தது, துறைமுகம் இருந்தது, தூர்ந்துபோன முகத்துவாரம் இருந்தது, அனல்மின் நிலையத்தின் சாம்பல் இருந்தது. காலநிலை இல்லை.

அது நல்ல வரைவு, பணம் கிடைக்காத வரைவு. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை இந்தத் தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் அறிவார்கள். அறிவியல் செய்தியாளருக்குப் பணம் தருகிற அமைப்புகள் உலகில் இல்லாமலில்லை. 2004 முதல் இயங்கும் எர்த் ஜர்னலிசம் நெட்வொர்க் சுற்றுச்சூழல் கட்டுரைகளுக்குச் சிறு நிதிகள் அறிவிக்கிறது. வாஷிங்டனில் 2006-இல் தொடங்கப்பட்ட புலிட்சர் மையம் கடல், மழைக்காடு என்று தனித்தனியாகத் திட்டங்கள் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு கல்வியாண்டு முழுதும் தங்கிப் படிக்க நைட் அறிவியல் இதழியல் உதவித்தொகை 1983 முதல் இருக்கிறது, அது வேறு உலகம். ஆனால் எந்த நிதியும் ஒரு தலைப்போடுதான் வரும். பல்லுயிர், பெருங்கடல், பொதுச் சுகாதாரம், காலநிலை. ‘முகத்துவாரம் தூர்ந்துபோதல்’ என்ற தலைப்பில் ஒரு நிதி அறிவிப்பு வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே நம் ஊர்க் கதையை எடுத்துக்கொண்டு போய் அவர்களுடைய எந்தப் பெட்டியில் அடங்கும் என்று வைத்துப் பார்ப்பதே எங்களைப் போன்றவர்களின் கைத்திறனாகிவிட்டது. நானும் அப்படித்தான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன்.

அந்தத் திறனைக் கற்றுத் தருவதற்குத்தான் அவர் என்னிடம் வந்தார், கற்றுக்கொடுத்தேன். இதில் எனக்கு வெட்கமில்லை. ‘ஏன் இப்போது?’ என்ற கேள்விக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் எழுதாதே என்றேன். வெளியிட ஒப்புக்கொள்ளும் ஆசிரியரின் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடு, அது இல்லாவிட்டால் பல இடங்களில் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்றேன். தி ஓப்பன் நோட்புக் என்ற இணையதளத்தில், ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்ட உண்மையான கட்டுரை முன்மொழிவுகளைத் திரட்டி வைத்திருக்கிறார்கள், அவற்றில் ஒரு பத்தையாவது படி என்றேன். பணம் அமெரிக்காவிலிருந்து வருமானால் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தைக் கேட்பார்கள், பதறாமல் நிரப்பு என்றேன். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பதிவுபெற்ற செய்தித்தாள்களின் செய்தியாளர், பத்தி எழுத்தாளர், ஆசிரியர் ஆகியோர் வெளிநாட்டு நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது, செய்த வேலைக்கான ஊதியத்துக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. உன் பணம் இரண்டில் எது என்பதை ஒப்பந்தத்தின் சொற்களே தீர்மானிக்கும், எனவே கையெழுத்துக்கு முன் ஒரு தணிக்கையாளரிடம் காட்டு என்றேன். இவை எல்லாமே நல்ல ஆலோசனைகள். கடைசியாகச் சொன்ன அந்தக் காலநிலை வரியைத் தவிர, என்று எழுத வருகிறது, ஆனால் அதுவும் நல்ல ஆலோசனைதான் என்று வாதிட என்னிடம் ஆதாரம் இருக்கிறது. நிதி கிடைத்ததே.

சேர்த்த வரி இது: கழிமுக நீர் வெப்பமடைந்து வருவது இந்த அந்நிய இனத்துக்குச் சாதகமாகிறதா என்பதையும் இக்கட்டுரை ஆராயும். ஆங்கிலத்தில் அதை எழுதிக் கொடுத்தது நான்தான். அறிவியலாகப் பார்த்தால் அதில் பொய் இல்லை. வெப்பக் கடலைச் சேர்ந்த உயிரினத்துக்குக் குளிர்ச்சி ஒரு தடை என்பதும், தடை தளர்ந்தால் அது பரவும் என்பதும் கேட்கத் தகுந்த கேள்விகளே. கேள்வியாகத்தான் எழுதினேன், முடிவாக எழுதவில்லை. இதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் நிதி வழங்கும் குழு வாங்கிக்கொண்டது அந்தக் கேள்வியை. நிதி அனுமதித்த மின்னஞ்சலில் ‘காலநிலைக் கோணம் எங்களைக் கவர்ந்தது’ என்ற பொருள்பட ஒரு வாக்கியம் இருந்தது. அதன் பிறகு அவர் படகில் போனபோதெல்லாம் குறிப்பேட்டில் முதலில் எழுதிக்கொண்டது அதைத்தான். முகத்துவாரக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் “தண்ணி சூடாயிப் போச்சும்மா, கால் வைக்க முடியல” என்று சொல்லியிருக்கிறார். அது கட்டுரையின் ஆறாவது பத்தியில், கடல் வெப்பமடைதலைப் பற்றிய ஒரு பத்திக்கு அடுத்து, மேற்கோள் குறிகளுக்குள் ஒரு சொல்கூட மாறாமல் வந்தது. கட்டுரை முதலில் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் வந்த பிறகு அதைப் படிக்கக் கேட்ட பெரியவர், அடுத்த முறை அந்தப் பெண்ணைப் பார்த்தபோது சொன்னாராம்: “நான் சொன்னது அந்தக் கால்வாய்ல வுடுறானே, அந்தச் சுடுதண்ணிய. நீ இன்னாமா, வானத்துலேர்ந்து சூடு வர்ற மாதிரி எழுதிக்கீற?”

அனல்மின் நிலையம் இயந்திரங்களைக் குளிர்விக்க எடுத்துக்கொள்ளும் நீரைச் சூடாகத் திருப்பி விடுகிறது. இது இந்தப் பகுதியில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி, எனக்கும் தெரிந்த செய்தி. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின்படி, உலகக் கடல் மேற்பரப்பின் சராசரி வெப்பநிலை, 1850–1900 காலத்தோடு ஒப்பிட 2011–2020-க்குள் 0.88 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல்மின் நிலையங்களோ, நீரை விடுகிற இடத்தின் வெப்பத்தை 7 டிகிரிக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. விதி அனுமதிக்கும் அளவே 7. ஒரு மனிதர் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை என்று சொன்னால், அது 0.88-ஐப் பற்றியதா, 7-ஐப் பற்றியதா என்று கேட்கத் தெரியாத அளவுக்கு அந்தப் பெண் அறியாதவர் அல்லர். நான் சேர்த்த வரிக்கு முன்பு அவர் அதைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும்.

பெரியவர் சொன்னதை என்னிடம் தெரிவித்தபோது அவர் கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. “விண்ணப்பத்துல இருந்த கதையத்தான் சார் எழுதினேன்” என்றார். ‘நீங்கள் எழுதிக் கொடுத்த கதை’ என்று சொல்லவில்லை. அதை நானாகக் கேட்டுக்கொண்டேன். அன்று என் பதில், “அடுத்த கட்டுரையில் திருத்திக்கலாம்” என்பது. அடுத்த கட்டுரைக்கு யார் பணம் தருவார்கள் என்று அவர் கேட்கவில்லை, அவருடைய நாகரிகம்.

இதன் பிறகு ஒரு வாரம் கழித்து எனக்கு ஒரு சமாதானம் தோன்றியது. சுடுதண்ணீர் எங்கிருந்து வருகிறது? நிலக்கரியை எரிப்பதிலிருந்து. காலநிலை ஏன் மாறுகிறது? நிலக்கரியை எரிப்பதிலிருந்து. அப்படியென்றால் தேநீர்க் கடையில் நான் சொன்ன பதில் சரிதானே! அன்று இரவு திருவொற்றியூர் தேரடி வரை நடந்து போய் வந்தேன், அவ்வளவு நிம்மதி. மறுநாள் காலையில் அது வழக்கறிஞர் வாதமாகத் தெரிந்தது. கட்டுரையில் அந்தத் தொடர்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வாசகர் புரிந்துகொண்டது, தூரத்து நாடுகளின் புகையால் எண்ணூர் நீர் சூடாகிறது என்பதைத்தான். கூப்பிடு தூரத்தில் இருக்கும் புகைபோக்கி அதில் இல்லை. இதற்கு யாரும் எங்களை மிரட்டவில்லை, யாரும் நீக்கச் சொல்லவில்லை. விளம்பரதாரருக்குப் பயந்து வரியை எடுத்தவர்களை என் தலைமுறையினர் ஏளனம் செய்திருக்கிறோம். ஒரு வரியைச் சேர்ப்பதாலும் மற்றவை தாமே நகர்ந்து ஒதுங்கிவிடும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

அவருடைய செலவுத் திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படகு வாடகை, ஒளிப்படக்காரர் ஊதியம், கொச்சிக்குப் போய்வர ரயில் கட்டணம், மொழிபெயர்ப்பு என்று எல்லாம் இருந்தன. மொத்தம் ரூபாயில் ஒன்றேகால் லட்சம். அதில் ஒரு வெப்பமானி இல்லை. கால்வாய் வாயில் ஒன்று, அங்கிருந்து விலகிக் கழிமுகத்துக்குள் ஒன்று என்று நான்கு நாட்கள் அளந்திருந்தால், ஆய்வு என்று சொல்லிக்கொள்ள முடியாவிட்டாலும், பெரியவரின் சொல் எந்தப் பத்திக்குரியது என்பதாவது தெரிந்திருக்கும். சில நூறு ரூபாய்ச் செலவு. செலவுத் திட்டத்தைச் சரிபார்த்ததும் நான்தான். பதில் தெரிந்த கேள்விக்கு யாரும் கருவி வாங்குவதில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தக் கட்டுரை வந்திராவிட்டால் காக்கா ஆழியைப் பற்றி அவ்வளவு நீளமாக, அந்தக் குப்பங்களின் பெயர்களோடு ஒரு கட்டுரை ஆங்கிலத்தில் வந்திருக்குமா? கப்பல் நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் 2004-இல் ஏற்கப்பட்டு, நடைமுறைக்கு வர 2017 ஆனது என்பதை அதில்தான் பலர் முதன்முதலாகப் படித்தார்கள். வரைவை நான் தொடாமல் விட்டிருந்தால் அது அவருடைய கணினியில் இருந்திருக்கும், அவர் ஏதாவதொரு தனியார் பள்ளியில் ஆசிரியர் வேலைக்குப் போயிருப்பார். உள்ளூரில் தமிழில் இப்படியொரு கட்டுரைக்குக் கிடைக்கும் தொகை, படகு வாடகைக்குக்கூடப் பற்றாது. அறிவியலை மக்களிடம் கொண்டுசேர்ப்பதற்கென்று மத்திய அரசு 1989-இல் அமைத்த விஞ்ஞான் பிரசாரும் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் போன்றவை தன்னார்வத்தால் இதழ் நடத்துகின்றன, அவர்களிடம் போய்ப் பயணப்படி கேட்க எனக்கு வாய் வராது. ஆகவே வெளியிலிருந்துதான் பணம் வரும், வெளியிலிருந்து வரும் பணம் தன் கேள்வியோடுதான் வரும். இதை ஒரு குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. அவர்கள் தலைப்பை ஒளித்து வைக்கவில்லை, விண்ணப்பத்தில் பொய்யாக ஒரு சொல் எழுதச் சொல்லவும் இல்லை. கதையை வளைத்தது நான். வேண்டுமானால், நிதி கிடைத்த பிறகு களத்தில் கண்டது வேறாக இருக்கிறது என்று ஒரு மின்னஞ்சல் எழுதியிருக்கலாம். திட்டம் மாறுவதை ஏற்கும் நிதியாளர்கள் இருக்கிறார்கள், எனக்கே ஒருமுறை ஏற்றுக்கொண்டார்கள். அதை ஏன் அவரிடம் சொல்லாமல் விட்டேன் என்பதற்கு என்னிடம் காரணம் இல்லை. மறந்துவிட்டேன் என்பதைவிட, அந்த வரி தவறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மைக்கு அருகில் வருகிறது.

நேற்று அவர் ஒரு புதிய விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார். கழிமுகத்தில் கையால் இறால் பிடிப்பவர்களுக்கு இப்போது என்ன கிடைக்கிறது என்பதைப் பற்றியது. முதல் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே காலநிலை மாற்றம் இருக்கிறது. யாரும் சொல்லாமல் அவரே எழுதியது, என்னைவிட நேர்த்தியாக. “சரியா இருக்கா சார்?” என்று மட்டும் கேட்டிருந்தார். அந்த வாக்கியத்தை எடுத்துவிடு என்று எழுதத் தொடங்கினேன். எடுத்துவிட்டு அவருக்கு இந்த முறை கிடைக்காமல் போனால், அதற்கு யார் பொறுப்பு என்று நிறுத்தினேன். செலவுத் திட்டத்துக்குப் போய், படகு வாடகைக்கு மேலே ‘வெப்பமானி – 2’ என்று தட்டினேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது அவருடைய கேள்வியா, மறுபடியும் என்னுடையதா என்று தெரியாமல் அழித்தேன். கோப்பு இன்னும் திறந்தே இருக்கிறது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.