அக்கா மகனுக்கு ஒரு ஹெட்ஃபோன்

"மாமா, இது தலைய அமுக்குது."

சென்னை ரிச்சி தெருக் கடையில் இருந்ததிலேயே விலை கூடியதை, மாட்டிய வேகத்தில் கழற்றினான் அக்கா மகன். குக்கர் விசில், பைக் ஹாரன், பள்ளிக்கூட மணி எதையும் அவன் காது தாங்காது.

கடைக்காரர் இன்னொன்றை மாட்டி, சத்தத்தை அடக்கும் பட்டனைத் தட்டினார். ஃபேன் இரைச்சல் போய்விட்டது என்றான். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்ததும் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன.

அது அப்படித்தான். 1978-ல் விமான இரைச்சல் பாட்டைக் கேட்கவிடாமல் செய்தபோதுதான் போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இந்த யோசனை வந்தது. மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கும். ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிரான அலையை அனுப்பி அழிக்கும். சீராக ஓடும் தாழ்ந்த இரைச்சலுக்கு அருமையான ஏற்பாடு. திடீர்ச் சத்தத்துக்கு, காதை முழுக்க மூடும் கெட்டி மெத்தைதான் காவல். சிலருக்கு அந்தப் பட்டனைப் போட்டாலே காதுக்குள் அழுத்தம் வேறு.

கடைசியில் எடுத்தது, பட்டறைகளில் மாட்டுகிற மாதிரி, காதை மூடிச் சத்தத்தைத் தடுக்கும் இயர்மஃப். சிறுவர் அளவு. பேட்டரி, ப்ளூடூத் எதுவும் கிடையாது, விலையும் குறைவு. மாட்டிக்கொண்டு கடை முழுக்கச் சுற்றி வந்தான்.

அப்புறம், நாள் முழுக்க மாட்டிவிட வேண்டாம். அமைதிக்கே பழகினால் சாதாரணச் சத்தமும் கூடுதலாக உறுத்தும் என்று செவித்திறன் நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். கல்யாண மண்டபம், தீபாவளி, பஸ் பயணம்... அங்கே தாராளமாக மாட்டலாம்.

அப்படி மாட்டியிருக்கும் பிள்ளையைப் பார்த்தால், "பெரியவங்க பேசும்போது என்னடா பாட்டு" என்று பிடுங்கிவிடாதீர்கள்.