விதை நோட்டு

முதலில் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன், அப்புறம் கதைக்கு வருகிறேன். பழுப்பு அட்டை போட்ட 192 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று, மேலே சிவப்பு மையில் ‘விதை’ என்று மட்டும் எழுதியிருக்கும், பயாலஜி லேபில் மைக்ராஸ்கோப் அலமாரிக்குப் பக்கத்து ஆணியில் சணல் கயிற்றில் தொங்கும். அது உங்களில் யாரிடமாவது இருக்கிறதா? 1989-ல் எங்கள் செட் ப்ளஸ் டூ முடித்து வெளியே வந்த அன்று அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் என் கையெழுத்தில் ஒரு வரி பாதியில் நிற்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது பயாலஜி மிஸ் ஆரம்பித்ததுதான் அந்த நாற்றங்கால். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரை ஒட்டி, யாரும் போகாத ஒரு நீள இடம். மிஸ் போட்ட ஒரே நிபந்தனை, கன்று விலைக்கு வாங்கக் கூடாது, விதையிலிருந்துதான் வர வேண்டும் என்பது. வகுப்பில் நாற்பத்தைந்து பேர் இருந்தோம், முதல் வாரம் எல்லாரும் வந்தார்கள், இரண்டாவது மாதத்தில் ஆறு பேர். அந்த ஆறு பேரில் நான் ஒருவன். எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் தோட்டக்காரத் தாத்தா. பொன்னேரிப் பக்கத்துக்காரர், காக்கி நிஜாரும் தலையில் துண்டுமாக இருப்பார், இந்த மலரைப் படிக்கிற எழுபதுகளின் செட் ஆட்களுக்கும் அவரைத் தெரிந்திருக்கும்.

பை வாங்கக் காசு கிடையாது, அதனால் வீட்டு வீடாக ஆவின் பால் கவர் சேர்த்தோம். மேல் பக்கம் ஒரே நேராக வெட்டி, பால் வாடை போகக் கழுவி, ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸால் அடியில் ஏழெட்டு ஓட்டை போட வேண்டும், ஓட்டை குறைந்தால் தண்ணீர் தேங்கி நாற்று அழுகிவிடும். மண்ணுக்குத் தாத்தாவின் அளவு கொட்டாங்குச்சி. செம்மண் இரண்டு, மணல் ஒன்று, மக்கிய எரு ஒன்று. எரு மக்கியதா என்று மோந்து பார்ப்பார், சாணி வாடை கொஞ்சம் வந்தாலும் ஓரமாகத் தள்ளிவிடுவார். மெட்ராஸ் தண்ணீர்க் கஷ்டம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். குழாயில் சொட்டு வராத நாட்களில் மதியம் டிபன் பாக்ஸ் கழுவுகிற தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, தெளிய விட்டு, பூவாளியில் ஊற்றிக் கொடுப்போம்.

சரக்கொன்றையில்தான் எனக்குப் பித்து பிடித்தது. அதன் காயை நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒன்றரை அடி இரண்டு அடி நீளத்துக்குக் கறுப்புக் குழாய் மாதிரி தொங்கும், நன்றாகக் காய்ந்ததை எடுத்து ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும். பையன்கள் அதை வாளாக்கிச் சண்டை போடுவார்கள். நாங்கள் அதைக் கல்லில் தட்டி உடைத்தோம். உள்ளே காசு அடுக்கிய மாதிரி மெல்லிய வட்டத் தடுப்புகள், ஒவ்வொரு தடுப்பிலும் புளி மாதிரி ஒட்டுகிற கறுப்புச் சதை, அறைக்கு ஒரு விதை. தட்டையாக, பழுப்பாக, பாலீஷ் போட்டது போல மின்னும். விரலில் ஒட்டிய அந்தக் கறுப்பு இரண்டு நாளைக்குப் போகாது, அதன் வாசனை இப்போதும் நினைத்தால் மூக்கில் வருகிறது.

தாத்தா அந்த விதையை சைக்கிள் ஸ்டாண்டின் சொரசொரப்பான சிமெண்டுப் படியில் வைத்து உரசக் காட்டினார். “ஒரு முனையில புள்ளி மாதிரி தெரியுது பாரு கண்ணு, வேர் அங்கதான் வரும், அந்தப் பக்கம் தொடாதே. இந்தப் பக்கம் மட்டும் தேய், பழுப்பு போயி வெளிறினா நிறுத்திடு.” இருபது விதை எடுத்தோம், பத்தை உரசினோம், பத்தை அப்படியே விட்டோம், இரண்டு டம்ளரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தோம். காலையில் பெல் அடிப்பதற்கு முன்னாலேயே போய்ப் பார்த்தால், உரசிய விதைகள் இரண்டு மடங்காக உப்பி, தொட்டால் வழுக்கின. உரசாதவை கூழாங்கல் மாதிரி தண்ணீருக்கடியில் கிடந்தன, ஒரு ராத்திரி முழுக்க ஊறியும் உள்ளே ஈரம் போகவில்லை. உரசிய பத்தில் எட்டு பன்னிரண்டு நாளுக்குள் தலை காட்டியது. உரசாததில் ஒன்றே ஒன்று, அதுவும் அரையாண்டுப் பரீட்சை முடிந்த பிறகு.

இது எதற்கு என்று மிஸ் சொன்ன விளக்கம், பாடப் புத்தகத்தில் படித்த எதையும்விட எனக்கு நன்றாக மனதில் நின்றது. முதல் மழைக்கே எல்லா விதையும் முளைத்து, அடுத்த மழை ஒரு மாதம் வராமல் போனால் எல்லாம் ஒரே நாளில் கருகிவிடும். அதனால் மரம் தோலைக் கெட்டியாக்கி அனுப்புகிறது, ஒன்று இந்த வருஷம் முளைக்கும், இன்னொன்று மூன்று வருஷம் கழித்து. காட்டில் குரங்கும் நரியும் கரடியும் அந்த இனிப்புச் சதைக்காகக் காயைத் தின்னும், விதை அதன் வயிற்றுக்குள் போய் வரும்போது தோல் இளகும். குரங்கின் வயிறு செய்கிற வேலையை நாங்கள் சிமெண்டுப் படியில் செய்தோம்.

உரசுவதற்கு வாகை விதை எண்ணிக்கையில் அதிகம் என்பதால் அதற்குச் சுடுதண்ணீர் வைத்தியம். ‘சுடுதண்ணியில போடு’ என்று தாத்தா சொன்னதை நான் வீட்டில் போய், விதையைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டேன். பத்து நிமிஷத்தில் தோல் வெடித்து வெள்ளையாக மிதந்தன. மறுநாள் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் திட்டவில்லை, ஒரு விதையை நசுக்கிப் பார்த்துவிட்டு, “வேக வெச்சுட்டியே கண்ணு. தண்ணி கொதிச்சதும் இறக்கிடணும், கொஞ்சம் ஆறினப்புறம் விதைய போட்டு மூடி வெச்சுடணும், விடியறவரைக்கும் அதைத் தொடக் கூடாது” என்றார். உப்பியதை விதைக்க வேண்டும், உப்பாததை இன்னொரு முறை அதே மாதிரி செய்ய வேண்டும். இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது அந்த வார்த்தைகளைத்தான்.

வேப்பம் விதை இதற்கு நேர் எதிர். ஆடி மாதம் மரத்தடி முழுக்கப் பழம் கொட்டிக் கிடக்கும்போது ஒரு போர்ன்விட்டா டப்பா நிறையப் பொறுக்கி, கழுவி, காயவைத்து, பொங்கல் லீவில் விதைக்கலாம் என்று பத்திரமாக மூடி வைத்தேன். ஒன்றுகூட வரவில்லை. வேப்பம் விதையின் உயிர் சில வாரங்கள்தான், சதையைக் கசக்கி நீக்கிவிட்டு அந்த வாரமே மண்ணில் போட வேண்டும். இலுப்பையும் நாவலும் அப்படித்தான், காய வைத்தாலே போயிற்று. நாவலில் இன்னொரு அதிசயம் உண்டு, ஒரே கொட்டையிலிருந்து சில சமயம் இரண்டு மூன்று நாற்று வரும். நான் ஒரு கவரில் ஒரு கொட்டைதான் போட்டேன் என்று சத்தியம் செய்தும் பக்கத்தில் இருந்தவன் நம்பவில்லை, மிஸ்தான் வந்து தீர்த்து வைத்தார்.

புன்னைக் கொட்டை மயிலாப்பூரிலிருந்து வந்தது, எங்களில் ஒருவனுடைய பாட்டி வீடு அங்கே. கபாலீசுவரர் கோயிலின் தல மரம் புன்னை என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதன் கொட்டையை ஓட்டோடு போட்டால் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். கடலோர மரம் அது, விதை உப்புத்தண்ணீரில் மிதந்து போய் வேறு கரையில் ஒதுங்கி முளைக்க வேண்டும், அதற்காகவே அந்த ஓடு. ஓட்டைக் கல்லால் மெல்லத் தட்டி, உள்ளே இருக்கிற பருப்பு நசுங்காமல் எடுத்துப் போட்டால் மூன்று வாரத்தில் வந்துவிட்டது. நம்ம புரசைவாக்கத்துக்குப் பேர் கொடுத்த புரசுக்கும் ஒரு வரி எழுதாவிட்டால் தப்பு. கங்காதரேசுவரர் கோயிலில் அதுதான் தல மரம். தட்டையான நெற்றின் நுனியில் ஒரே ஒரு விதை, நாணயம் போல. புதுசாகக் கிடைத்ததும் போட்டால் சொன்னபடி கேட்கும். ஊர்ப் பெயரில் மரம் இருக்கிறது, ஊரில் மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது, இந்த வருத்தம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் தீரவில்லை.

சந்தனத்தில் நான் செய்த தப்பு இன்னும் மனதில் இருக்கிறது. மிஸ் எங்கிருந்தோ பன்னிரண்டு விதை கொண்டுவந்தார், மூன்று மட்டும் முளைத்தன. அந்தக் கவர்களில் தாத்தா ஆளுக்கொரு துவரையும் ஊன்றியிருந்தார், எனக்குச் சொல்லவில்லை, அல்லது அன்றைக்கு நான் லீவு. ஏதோ களை என்று நினைத்து மூன்று துவரையையும் பிடுங்கிப் போட்டுவிட்டேன். சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துக்கொண்டு அதிலிருந்து சத்து எடுக்கும், துணை இல்லாமல் தேறாது. ஒரு மாதத்தில் இலை மஞ்சளாகி வளர்ச்சி நின்றது. பிறகு திரும்பவும் துவரை போட்டுப் பார்த்தோம், ஒன்றுதான் பிழைத்தது. மிஸ் நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன், ‘துவரையைப் பிடுங்கியது நான்’ என்று.

மற்றதெல்லாம் சுலபம். கொடுக்காப்புளி தின்று துப்பிய இடத்திலேயே முளைக்கும். வேலி ஓரத்துக்கு ஆவாரையும் சின்ன மயில்கொன்றையும் போட்டோம், இரண்டும் கொன்றை மாதிரியே கெட்டித் தோல், உரசினால் போதும். சவுக்கு விதையை மட்டும் எறும்பு ராவோடு ராவாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆனைக்குண்டுமணியை, அந்தச் சிவப்பு அழகுக்காக, விதைத்ததைவிடப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டவர்களே அதிகம்.

இப்போது நான் இருப்பது டொராண்டோ. இங்கே பக்கத்துத் தெருவில் ரெட்பட் என்று ஒரு சின்ன மரம், மே மாதம் இலை வருவதற்கு முன்னாலேயே வெறும் கிளையில், அடிமரத்தில்கூட, ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் பூத்துத் தள்ளும். ஒரு இலையுதிர் காலத்தில் அதன் காயைப் பறித்துவந்தேன். இந்த ஊர் விதைகள் பலவற்றுக்குக் குளிர் வேண்டும், ஈர மணலில் போட்டு இரண்டு மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தால்தான் குளிர்காலம் முடிந்தது என்று அது நம்பும். அப்படியே செய்தேன், ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் காயைக் கையில் வைத்து நன்றாகப் பார்த்தேன். தட்டையான சின்ன நெற்று, உள்ளே பழுப்பாக மின்னுகிற விதை. அட, இது நம்ம கொன்றை வீட்டு உறவுதானே, அவரையும் துவரையும் சேர்ந்த அதே குடும்பம். சாண்ட் பேப்பரில் ஒரு பக்கம் உரசினேன், ஊற வைத்தேன், உப்பியதை மட்டும் ஈர மணலோடு டப்பாவில் போட்டு டிசம்பரிலிருந்து மார்ச் வரை இட்லி மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இருபதில் பதினொன்று முளைத்தது. தாத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது நான் இங்கே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசல் குல்மோஹர் இல்லை, நாமெல்லாம் அதன் பூவின் கேசரத்தை மாட்டிச் சேவல் சண்டை விட்டோமே, அந்த மரம்தான். வேரோடு சாய்ந்து, சுவரையும் இடித்திருந்தது. சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத்துச் சரக்கொன்றை இரண்டு பெரிய கிளையை இழந்துவிட்டு நின்றது. நாங்கள் பால் கவரிலிருந்து நட்டது அது. நடும்போது தாத்தா கவரைக் கிழித்து, அடியில் சுருண்டிருந்த வேர் நுனியை பிளேடால் நறுக்கிவிட்டுத்தான் குழியில் இறக்கினார், சுருண்ட வேர் சுருண்டேதான் பெருக்கும், காற்றடித்தால் பிடிப்பு இருக்காது என்று. புயலுக்குப் பிறகு சங்கத்திலிருந்து கன்று வாங்கி நட பணம் கேட்டபோது கொடுத்தேன், கொடுத்ததில் வருத்தமில்லை. ஆனால் ஆள் உயரக் கன்றைப் பையில் பல வருஷம் வைத்திருந்து விற்கிறார்கள், அதன் வேர் உள்ளே எப்படிச் சுற்றியிருக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளிடம் விதையைக் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஒரு வருஷம் கவரில் வளர்த்து அடுத்த ஐப்பசி மழைக்கு நடட்டும்.

சரி, அந்த வரி. நோட்டில் நான்கு பத்தி உண்டு. விதையின் பெயர், என்ன செய்தோம், போட்ட தேதி, முளைத்த தேதி. 1989 பிப்ரவரியில், ப்ராக்டிகல் பரீட்சைக்கு முந்தின வாரம், திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரத்தடியிலிருந்து மிஸ் பொறுக்கிவந்த விதையில் நான்கை நான் போட்டேன். மகிழம் மெதுவாக வரும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். அப்புறம் பரீட்சை வந்தது, லீவு வந்தது, அப்பாவுக்கு மாற்றல் வந்தது. நான் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை. மிஸ்ஸும் இப்போது இல்லை, தாத்தாவும் இல்லை.

போன முறை போனபோது லேபுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில், ஒரு மகிழ மரம் நிற்பதைப் பார்த்தேன். நல்ல நிழல், கீழே பூ கொட்டிக் கிடந்தது, கைக்குட்டையில் கொஞ்சம் எடுத்துவந்தேன், காய்ந்து போயும் மணக்கிறது. வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன், நான் வேலைக்கு வந்தப்பவே இருந்துச்சு சார் என்றார். எனக்கு அடுத்த வருஷம் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த நான்காவது பத்தியில் ஏதாவது எழுதினீர்களா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.