மருந்து கலக்கும் அந்த ஐந்து நிமிடம்

காய்கறிக்கு மருந்து அடிப்பவர்களுக்கு அது விஷம் என்று நன்றாகவே தெரியும், ஆனால் மூக்கில் ஒரு துண்டைக் கட்டினால் போதும் என்பார்கள். போதாது. உடலுக்குள் போவதில் பெரும்பங்கு தோல் வழியாகத்தான், அதிலும் தண்ணீர் சேர்க்காத மருந்தை அளந்து ஊற்றும்போதுதான் ஆபத்து அதிகம், சரியாக அந்த நேரத்தில்தான் நாம் வெறுங்கையோடு நிற்போம். நனைந்த துண்டு மருந்தை முகத்தோடு ஒட்டி வைக்கும், அவ்வளவுதான். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, பூட்ஸ், கண்ணாடி எல்லாம் வெயிலில் புழுங்கும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் காலையிலேயே, காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்கச் சொல்கிறார்கள். தெளிப்பான் முனையிலுள்ள நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள் (நானும் ஊதியவன்தான்). அப்புறம் அந்தச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். அறுவடைக்கு முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபிளில் இருக்கும். வெண்டை மாதிரி ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் காயில் அதைத்தான் முதலில் மறக்கிறோம்.