மாத்திரை வாங்கப் போகும் நாளில் வந்த வலிப்பு

தம்பிக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது 19. கோத்தகிரி பக்கம் எங்கள் லைன் வீட்டில், காலையில் வெந்நீர் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். கை தணலில் படாதது எங்கள் அதிர்ஷ்டம். அம்மா சாவிக்கொத்தை அவன் கையில் திணித்தார். பக்கத்து வீட்டு அத்தை பல்லுக்கு நடுவே கரண்டியை விட்டார். வலிப்பு அதுபாட்டுக்கு நின்றது. முன்பல் பாதி உடைந்ததுதான் மிச்சம்.

கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எல்லாம் எடுத்துப் பார்த்து, காலை ஒன்று இரவு ஒன்று என்று மாத்திரை எழுதினார்கள். டாக்டர் எங்களிடம் பேசியது நான்கு நிமிடம் இருக்கும். வெளியே நிற்கும் வரிசையைப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மாத்திரை போட்டும் மாதம் ஒரு முறையாவது வந்தது. டோஸ் ஏறியது, தம்பி பகலெல்லாம் தூங்கி வழிந்தான், வலிப்பு மட்டும் நிற்கவில்லை.

எட்டாவது மாதம்தான் அங்கே வலிப்பு நோயாளிகளைப் பார்க்கிற சிஸ்டரிடம் எங்களை அனுப்பினார்கள். ஐம்பது வயதிருக்கும். "எத்தனை தடவை வந்துச்சு?" என்று அவர் கேட்கவில்லை. "ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பான் கண்ணு? காலைல சாப்பிட்டுட்டுத்தான் மாத்திரை போடறானா?" என்றார். நான் முழித்தேன். ஒரு நோட்டு வாங்கி எழுதச் சொன்னார்: தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தைய இரவு தூக்கம், மாத்திரை போட்டானா, காய்ச்சல் உண்டா. முடிந்தால் போனில் வீடியோவும் எடுக்கச் சொன்னார். தம்பி துடிக்கும்போது வீடியோ எடுப்பதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு அந்த வீடியோவில்தான், முதலில் தலை இடது பக்கம் திரும்புவதை டாக்டர் கவனித்து, மாத்திரையையே மாற்றினார்.

மூன்று மாத நோட்டைப் புரட்டிய சிஸ்டர் ஒரு தேதியில் விரலை வைத்தார். "இது என்ன நாள்?" நாங்கள் கோயம்புத்தூர் வந்த நாள். அடுத்தது? அதுவும் வந்து போன மறுநாள். அதற்கடுத்ததும் அப்படித்தான்.

முதல் பஸ்ஸைப் பிடிக்க மூன்றரைக்கே எழுந்துவிடுவோம். மேட்டுப்பாளையம் இறங்குகிற வளைவுகளில் தம்பிக்கு வாந்தி வரும் என்பதால், காலை மாத்திரையை "அங்கே போய்ப் போட்டுக்கலாம்" என்று தள்ளிவைப்போம். அங்கே போனால் டோக்கன், வரிசை, மதியம் வரை ஒரு டீ. மாத்திரை வாங்கப் போகிற நாளில்தான் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை, மாத்திரையும் இல்லை!

அப்புறம் ஏற்பாடே மாறியது. டாக்டரிடம் பேசி, தம்பி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும், நடுவில் நான் மட்டும் நோட்டோடு வரலாம் என்று சிஸ்டர் முடிவு செய்தார். அவன் வரும் மாதம் முந்தின நாளே இறங்கி மேட்டுப்பாளையத்தில் சித்தி வீட்டில் படுத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்கும் பாடம் நடந்தது. வலிப்பு வந்தால் சாவி வேண்டாம், வாயில் எதுவும் வேண்டாம், கையைக் காலைப் பிடித்து அமுக்கவும் வேண்டாம். கடிகாரத்தைப் பார், அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வை. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து. "உங்க ஊருக்கு, அதுவும் பனியில, வண்டி வர நேரமாகும். நீங்க மூணாவது நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்க" என்றார். டாக்டர் எழுதிய மூக்கு ஸ்ப்ரேயை எப்போது, எப்படி அடிப்பது என்று அம்மாவைச் செய்து காட்டச் சொன்னார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினோம். வெந்நீர் அடுப்பு இப்போது என் வேலை. தேயிலைக் கவாத்துக்குக் கத்தியோடு போவதையும் தம்பி விட்டான்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் சிஸ்டரோடு சண்டை போட்டான். பிக்கப் ஜீப் ஓட்டி லைசென்ஸ் எடுப்பது அவன் கனவு. சிஸ்டர் பூசி மெழுகாமல், "ஓட்டக் கூடாது. லைசென்ஸ் ஃபாரத்துலயே வலிப்பு உண்டான்னு கேப்பாங்க, பொய் எழுதாதே" என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதம் அவரைப் பார்க்கவே மாட்டேன் என்றான். எனக்கும் அவர் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்றுதான் பட்டது. இப்போது தேயிலை ஃபேக்டரியில் எடை போடும் இடத்தில் இருக்கிறான், பகல் ஷிஃப்ட் மட்டும்.

கடைசியாக வந்தது இந்த ஜனவரியில், ஹெத்தையம்மன் பண்டிகை பார்க்கப் போய் நண்பர்களோடு விடிய விடிய விழித்திருந்த மறுநாள். தெளிந்ததும் தம்பியே என்னிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டான். கோணல் கையெழுத்தில், "காலை 7.10. இரண்டு நிமிடம் என்று அக்கா சொன்னாள். மாத்திரை போட்டேன். தூங்கவில்லை, என் தப்பு."